எகிப்தியப் பிரதிநிதிகள் சபையும் ஐரோப்பியக் கடன்முறிகளும்
ஒறாபி இயக்கம் (1881–1882) பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இஸ்லாமும் சனநாயகமும் ஒன்றோடொன்று இயைபுடையனவா என்னும் வினா மேனாட்டு அறிவுலகிலே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவதாகும். அவ்வினாவுக்கு ஆம் என்றும் அன்று என்றும் விடை கூறியோர் பலர். ஆயின் வினாவின் அமைப்பினையே ஐயுற்றோர் சிலரே. மதம் என்பது கால தேச வர்த்தமானங்களைக் கடந்து நிற்கும் மாறாப் பொருள் என்பதும், சனநாயகம் என்பது மேனாட்டாரின் குலதனம் என்பதும் அவ்வினாவினுள்ளே முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகின்றன. இஸ்லாமிய நாடொன்றிலே பிரதிநிதிகள் சபையொன்று தன் உரிமைகளைக் கோரியபோது பாராளுமன்றங்களின் தாயகமெனப் போற்றப்பட்ட நாடு யாது செய்தது என்பது அரிதாகவே வினவப்படுகிறது. 1881, 1882 ஆகிய ஆண்டுகளில் எகிப்திலே நிகழ்ந்தனவற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வியக்கத்தின் தலைவர்கள் எழுவர் ஈழநாட்டுக்கே நாடு கடத்தப்பட்டமையால், இவ்வரலாற்றின் ஒரு கிளை நமது தமிழிலக்கிய வரலாற்றுடனும் பின்னிக் கிடக்கிறது.

முதலிலே பொருளாதார அடித்தளத்தை நோக்குவோம். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது தடைப்படவே, எகிப்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 1863ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் அவ்வுயர்வினை நிலையானதெனக் கருதி, கால்வாய்களும் புகையிரதப் பாதைகளும் அரண்மனைகளும் அமைத்தார். அவற்றுக்கான பணம் இலண்டனிலும் பாரிசிலும் கடனாகப் பெறப்பட்டது. அவர் பதவியேற்ற வேளையில் ஏறத்தாழ 30 இலட்சம் பவுணாக இருந்த கடன் 1876இல் 9 கோடியைத் தாண்டிற்று. கடனின் முகப்பெறுமதிக்கும் எகிப்தின் கருவூலத்தை உண்மையிலே வந்தடைந்த தொகைக்கும் இடையே பாரிய வேறுபாடு இருந்தது. தரகும் கழிவும் வங்கியாளருக்குப் போயின. 1875இல் சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகளைப் பிரித்தானியா ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு மே மாதத்திலே பொதுக்கடன் ஆணைக்குழு நிறுவப்பட்டது. நவம்பரில், வருவாயை மேற்பார்வை செய்ய ஆங்கிலேயர் ஒருவரும் செலவை மேற்பார்வை செய்யப் பிரெஞ்சுக்காரர் ஒருவருமாக இரட்டைக் கட்டுப்பாடு ஏற்பட்டது. ரோசா லக்சம்பேர்க் 1913இல் வெளியிட்ட ‘மூலதனத் திரட்சி’ என்னும் நூலிலே சருவதேசக் கடன்களை ஆராயுமிடத்து எகிப்தையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டமை தற்செயலன்று. ஐரோப்பிய மூலதனம் எகிப்துக்குக் கடனாகப் போந்து, ஐரோப்பியப் பொறிகளுக்கும் ஒப்பந்தகாரருக்கும் விலையாகத் திரும்பிற்று. வட்டியோ பல்லாஹீன் எனப்படும் குடியானவரின் முதுகிலே ஏற்றப்பட்டது. 1877இல் நைல் நதி பொய்த்தது. அதனையடுத்து மேல் எகிப்திலே பஞ்சம் தலைவிரித்தாடியபோதும் வட்டித் தவணை தவறாமற் செலுத்தப்பட்டது.

கடனடைப்புக்காக அரசாங்கச் செலவைக் குறைத்தவிடத்து அடிபட்டோர் யாவர் என்பதும் கவனிக்கத்தக்கது. 1879இல் ஏறத்தாழ 2,500 படையதிகாரிகள் அரைச்சம்பளத்தில் விலக்கப்பட்டனர். படையின் மேல்நிலைகளிலே துருக்கியரும் சேர்க்காசியருமே அமர்ந்திருந்தனர். அறபு மொழி பேசும் எகிப்திய மக்களிடையே தோன்றியோர் ஒரு படிக்கு மேல் ஏறுதல் அரிதாயிற்று. அகமது ஒறாபி அவ்வாறு ஏறியோருள் ஒருவர். 1841இல் ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிலே ஊர்த்தலைவரொருவரின் மகனாகப் பிறந்து, அல்-அஸ்ஹரிலே சில காலம் கற்று, பின் படையிற் சேர்ந்தவர் அவர். ஊர்த்தலைவரின் மகன், அஸ்ஹரின் மாணவர், படைவீரர் என்னும் இம்மூன்றும் ஒருவரிடத்துக் கூடியமையே அவ்வியக்கத்தின் வர்க்கக் கூட்டினை ஓரளவு உணர்த்திவிடுகிறது.

ஈண்டு பிரதிநிதிகள் சபை பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1866இல் இஸ்மாயில் நிறுவிய அச்சபையில் 75 உறுப்பினர் இருந்தனர். பெரும்பாலோர் கிராமத் தலைவர்கள், அதாவது பருத்தியினாற் செல்வமுற்ற நிலவுடைமையாளர்கள். அது தொடக்கத்திலே கெதிவின் அலங்காரப் பொருளாகவே இருந்தது. ஆயின் வரி விதிக்கப்படுவோரே அமர்ந்திருக்கும் சபை வரி பற்றி வாய்திறவாமல் எத்தனை நாள் இருக்கும்? 1879 ஏப்ரிலில் சபையோரும் உலமாக்களும் அதிகாரிகளும் சேர்ந்து தேசியத் திட்டமொன்றை முன்வைத்தனர். கடனைத் தாமே தீர்ப்பதாகவும், அமைச்சரவை சபைக்குப் பொறுப்புடையதாக இருத்தல் வேண்டுமென்றும் அதிலே கோரினர். கடனை இரத்துச் செய்யும்படி அவர்கள் கேட்கவில்லை என்பது அழுத்திக் கூறப்படவேண்டியது. அதற்கு இரண்டு மாதங்களின் பின் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கிச் சுல்தானைக் கொண்டு இஸ்மாயிலை நீக்கி, அவர் மகன் தௌபீக்கை அமர்த்தின.

இந்நிலையிலே சிந்தனைத் தளத்தில் நிகழ்ந்தது யாது? சமூக அடித்தளத்தைக் காட்டியதோடு அமைதியடைந்துவிடும் ஆய்வாளர் நம்மிடையேயும் உளர். மதச் சொற்களிலே பேசப்பட்ட அனைத்தையும் வெறும் போர்வையெனத் தள்ளிவிடுவது அவர்களுக்கு எளிதாகிறது. அது வரலாற்றுப் பொருள்முதல்வாதமன்று, சோம்பல். மக்கள் தமக்குக் கிடைத்த மொழியிலேயே தம் நலன்களை உணர்ந்துகொள்கின்றனர். அம்மொழி அவர்தம் சிந்தனைக்கு வழியும் அமைக்கிறது; வரம்பும் கட்டுகிறது. 1826 முதல் 1831 வரை பாரிசிலே தங்கியிருந்த றிபாஆ அல்-தஹ்தாவி பிரெஞ்சு அரசியலமைப்புச் சாசனத்தை அறபிலே பெயர்த்தபோது, பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் என்று கூறுவதை நாம் நீதியும் நேர்மையும் என்று வழங்குகிறோம் என விளக்கினார். இது வெறும் மொழிபெயர்ப்பு உத்தியன்று. ஆட்சியாளனின் நல்லொழுக்கத்திலே தங்கியிருந்த ‘அத்ல்’ என்னும் பழைய கருத்து, ஆளப்படுவோரின் உரிமையாக உருமாறத் தொடங்கிய கட்டம் அதுவாகும்.

அரைநூற்றாண்டின் பின், 1881இல், ஹுசைன் அல்-மர்ஸபி என்னும் விழிப்புலனற்ற அஸ்ஹர் அறிஞர் எட்டுச் சொற்களைப் பற்றிச் சிறுநூலொன்றை வெளியிட்டார். சமுதாயம், தாயகம், அரசாங்கம், நீதி, கொடுமை, அரசியல், சுதந்திரம், கல்வி என்பனவே அச்சொற்கள். இளைஞர் நாவிலே அடிக்கடி புழங்கும் இச்சொற்களின் பொருளை வரையறுப்பதே அவர் நோக்கம். அந்நூல் புரட்சிப் பிரகடனமன்று. சொற்கள் கட்டவிழ்ந்து திரிவதைக் கண்ட ஆசிரியர் ஒருவரின் கவலையே அதில் மிகுந்து தோன்றுகிறது. ஆயினும் இலக்கிய மாணவருக்கு அது ஓர் அரிய சான்று. ‘ஹுர்ரியா’ என்னும் சொல் அடிமையல்லாதவனின் நிலையைக் குறித்த சட்டச்சொல்லாக இருந்து, குடிமக்களின் அரசியல் நிலையைக் குறிக்கும் சொல்லாக மாறிவருவதை நாம் அதிலே கண்கூடாகக் காணலாம். அதே காலத்தில் அப்துல்லா அல்-நதீம் தம் இதழ்களிலே பேச்சுவழக்கு அறபைக் கையாண்டு, கடனிலே மூழ்கும் குடியானவனையும் அவனை ஏய்க்கும் வட்டிக்கடைக்காரனையும் நகைச்சுவை உரையாடல்களிலே உலவவிட்டார். யூதரான யஃகூப் ஸனூஉ, சிரியக் கிறிஸ்தவரான அதீப் இஸ்ஹாக் ஆகியோரின் பத்திரிகைகளும் இவ்வுரைநடை வளர்ச்சியிலே பங்குகொண்டன. 1871 முதல் 1879 வரை கெய்ரோவிலே தங்கிக் கற்பித்த ஜமாலுத்தீன் அல்-ஆப்கானியின் செல்வாக்கு இவர்கள் பலரிடத்தும் காணப்பட்டது.

ஆப்கானியின் மாணாக்கரான முஹம்மத் அப்துஹுவின் நிலைப்பாடு சிக்கலானது. படையதிகாரிகளின் அவசரத்தை அவர் முதலிலே விரும்பவில்லை. கல்வியாற் பக்குவப்படாத மக்களுக்குப் பாராளுமன்றம் பயன்தருமோ என ஐயுற்றார். இதே வாதத்தைத்தான் பின்னர் குரோமர் பிரபு கால் நூற்றாண்டாகக் கூறிவந்தார் என்பது கசப்பான ஒற்றுமை. ஆயின் அப்துஹு தம் ஐயத்தோடு வீட்டிலே இருந்துவிடவில்லை. இயக்கம் வளர்ந்தபோது அதனுடன் நின்றார்; தோல்வியின் பின் நாடு கடத்தப்பட்டார். கலந்தாய்தல் எனப் பொருள்படும் ‘ஷூறா’ என்னும் குர்ஆனியக் கருத்தினைப் பிரதிநிதித்துவ ஆட்சிக்கு ஆதாரமாகக் கொள்ளும் போக்கு இவர் போன்றோரால் வலுப்பெற்றது. 1861இலே தூனிசியாவிலும் 1876இலே துருக்கியிலும் அரசியலமைப்புகள் பிறப்பிக்கப்பட்டிருந்தமையால் அக்கருத்து அன்று நூதனமானதாகத் தோன்றவில்லை.

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறலாம். 1881 பெப்ரவரி 1ஆம் திகதி, சேர்க்காசியரான போர் அமைச்சர் உஸ்மான் றிப்கியின் ஆணையாற் கைதான ஒறாபியையும் அவர் தோழரையும் படைவீரர் மீட்டனர். அமைச்சர் நீக்கப்பட்டார். அவ்விடத்துக்கு மஹ்மூத் ஸாமி அல்-பாறூதி வந்தார். செப்டெம்பர் 9ஆம் திகதி அப்தீன் அரண்மனைச் சதுக்கத்திலே படைகளுடன் நின்ற ஒறாபி மூன்று கோரிக்கைகளை விடுத்தார்: அமைச்சரவை விலகவேண்டும், பிரதிநிதிகள் சபை கூட்டப்படவேண்டும், படை 18,000 பேராகப் பெருக்கப்படவேண்டும். அன்று கெதிவுக்கும் தமக்கும் நிகழ்ந்த உரையாடலை ஒறாபி பிற்காலத்திலே வீராவேசத்துடன் எழுதி வைத்தார். அதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கோரிக்கைகள் போதும். மூன்றாவது கோரிக்கை அதிகாரிகளின் தொழில் நலன். இரண்டாவது நிலவுடைமையாளரின் அரசியல் நலன். இரண்டும் ஒரே சதுக்கத்திலே ஒலித்தன.

டிசெம்பர் 26ஆம் திகதி புதிய சபை கூடிற்று. பிணக்கு எழுந்த இடம் எது? மதமன்று, வரவுசெலவுத் திட்டம். 1880ஆம் ஆண்டின் கடன்தீர்வுச் சட்டப்படி அரசிறையில் ஏறத்தாழப் பாதி கடனுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பாதியைச் சபை தொடவில்லை. எஞ்சிய பாதியின் மீது வாக்களிக்கும் உரிமையையே அது கேட்டது. இங்கிலாந்திலே பதினேழாம் நூற்றாண்டில் எந்த உரிமைக்காக மன்னனொருவனின் தலை உருண்டதோ, அந்த உரிமையில் அரைப்பங்கு! அதனைக்கூடக் கட்டுப்பாட்டாளர் இருவரும் ஏற்க மறுத்தனர். வரவுசெலவுத் திட்டம் சபையின் கைக்குப் போனால் உயர்ந்த சம்பளம் பெற்றுவந்த ஐரோப்பிய உத்தியோகத்தரின் நிலையும், காலப்போக்கிலே கடனடைப்பும் ஆட்டங்காணும் என்பதே அவர்தம் அச்சம். 1882 சனவரி 8ஆம் திகதி பிரித்தானியாவும் பிரான்சும் விடுத்த கூட்டுக் குறிப்பு கெதிவுக்கு ஆதரவு கூறி மறைமுகமாகச் சபையை எச்சரித்தது. விளைவோ எதிர்மாறாயிற்று. சபையோர் அதிகாரிகளின் பக்கம் மேலும் சாய்ந்தனர். பெப்ரவரியில் பாறூதி முதலமைச்சராகவும் ஒறாபி போர் அமைச்சராகவும் வந்தனர். சபைக்கு வரவுசெலவு உரிமை வழங்கிய அடிப்படைச் சட்டமும் பிறந்தது.

சபையின் எழுச்சியை மதவெறி என வருணித்த மேனாட்டுப் பத்திரிகைகள் பல. 1882 சனவரியிலே இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகையில் வெளிவந்த தேசியக் கட்சியின் வேலைத்திட்டமோ, அக்கட்சி மதக்கட்சியன்று, அரசியற் கட்சி எனவும், எகிப்திய மண்ணை உழுது அதன் மொழியைப் பேசும் முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் யாவருக்கும் அதிலே இடமுண்டு எனவும் கூறிற்று. அப்துஹு முதலியோருடன் கலந்து அதனை வரைந்த வில்பிரிட் பிளன்ட் என்னும் ஆங்கிலக் கவிஞர் மேனாட்டு வாசகரை மனத்திற்கொண்டே எழுதினார் என்பதும் உண்மை. ஆயினும் யூலை மாதத்திலே, போர் மூண்டபின், கெய்ரோவிற் கூடிய பெருஞ்சபையில் உலமாக்களோடு கொப்திக் குலபதியும் யூத மதகுருவும் அமர்ந்து போரைத் தொடரும் முடிவுக்கு உடன்பட்டனர். அங்கே எழுதிக்காட்டுவதற்கு மேனாட்டு வாசகர் எவரும் இருக்கவில்லை.

யூன் 11ஆம் திகதி அலெக்சாந்திரியாவிலே கலகம் மூண்டது. ஐரோப்பியரும் எகிப்தியருமாகப் பலர் மாண்டனர். துறைமுகத்திலே ஏற்கெனவே வந்து நின்ற பிரித்தானியக் கப்பற்படை யூலை 11ஆம் திகதி நகரைக் குண்டுவீசித் தாக்கிற்று. செப்டெம்பர் 13ஆம் திகதி தெல்-எல்-கபீர் போரிலே வூல்ஸ்லியின் படை எகிப்தியரைத் தோற்கடித்தது. இவற்றையெல்லாம் செய்வித்தவர் பழமைவாதியல்லர். தேசிய இனங்களின் உரிமைக்குக் குரல்கொடுத்தவராகப் புகழ்பெற்ற தாராண்மைவாதி கிளாட்ஸ்டன். அவரது தனிப்பட்ட முதலீடுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அக்காலத்தில் எகிப்தியக் கடன்முறிகளாக இருந்தன என்பதைப் பிற்கால ஆய்வாளர் அவர் குறிப்பேடுகளிலிருந்து வெளிப்படுத்தியுள்ளனர். இதைக் கொண்டு கிளாட்ஸ்டன் தம் பணப்பைக்காகவே போர் தொடுத்தார் என வாதிப்பது கொச்சையாகும். எகிப்திலே ஒழுங்கு குலைந்துவிட்டதென அவர் மெய்யாகவே நம்பியிருக்கலாம். வட்டி ஒழுங்காக வருவதையே ஒழுங்கு எனக் காணும் பார்வை ஒரு வர்க்கம் முழுவதற்கும் இயல்பாகியிருந்தது என்பதே முக்கியமானது. தனிமனிதரின் நேர்மை அப்பார்வையை மாற்றிவிடவில்லை.

மேனாட்டுச் சமுதாயத்தையும் ஒற்றைப் பாறையாக நோக்குதல் தகாது. அலெக்சாந்திரியா தாக்கப்பட்டதைக் கண்டித்து ஜோன் பிரைட் அமைச்சரவையிலிருந்து விலகினார். பிளன்ட் தம் செலவிலே ஒறாபிக்கு வழக்கறிஞரை அமர்த்தினார். அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியிலே பின்னர் பெரும்பங்கு கொண்ட கிரெகரி சீமாட்டி ஒறாபியின் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அதே அளவுக்கு இஸ்லாமிய உலகமும் பிளவுண்டிருந்தது. உலமாக்களுள் தீவிரமானோர் கெதிவ் மார்க்கத்துக்குத் துரோகமிழைத்தார் எனத் தீர்ப்புக் கூறினர். முஸ்லிம்களின் கலீபா எனப்பட்ட சுல்தான் அப்துல் ஹமீதோ, பிரித்தானியாவின் நெருக்குதலால், தெல்-எல்-கபீருக்குச் சில நாட்கள் முன்பதாக ஒறாபியைக் கலகக்காரரெனப் பிரகடனஞ் செய்தார். கலீபாவின் அப்பிரகடனம் எகிப்தியப் படையின் உறுதியைக் குலைத்தது. இஸ்லாம் அன்று எந்தப் பக்கம் நின்றது என ஒருவர் கேட்பாராயின், எந்த முஸ்லிம்கள், யாருடைய நலன்களோடு என்று திருப்பிக் கேட்பதே ஆய்வு முறையாகும்.

இயக்கத்தின் பலவீனத்தையும் மறைத்தலாகாது. சபைத் தலைவராயிருந்த சுல்தான் பாஷா பெரும் நிலச்சுவாந்தர்; போர் நெருங்கவே கெதிவின் பக்கஞ் சேர்ந்தார். நிலவுடைமையாளர் கேட்டது வரியைத் தாம் தீர்மானிக்கும் உரிமை. நிலமற்றோரின் கடனும் கூலியும் அவர்தம் கோரிக்கைகளில் இடம்பெறவில்லை. 1882ஆம் ஆண்டுக் கோடையிலே கிராமங்களில் வட்டிக்காரருக்கும் பாஷாக்களுக்கும் எதிராகக் குடியானவர் கிளர்ந்தபோது, சபையோரிற் பலர் ஆங்கிலேயரைவிடத் தம் சொந்தக் குடியானவருக்கே அதிகம் அஞ்சினர் எனலாம்.

குரோமர் 1908இல் வெளியிட்ட ‘நவீன எகிப்து’ இவ்வியக்கத்தைப் பெரிதும் படைக்கலகமாகவே சித்திரித்தது. 1883 முதல் 1907 வரை எகிப்தின் உண்மை ஆட்சியாளராக இருந்த அவர், பேரிங் என்னும் வங்கிக் குடும்பத்தவர். 1907இல் வெளிவந்த பிளன்டின் நூல் மறுபக்கத்தை எடுத்துரைத்தது. 1961இல் ரொபின்சனும் கலகரும் எழுதிய நூலோ, உள்நாட்டு ஒழுங்கு சிதைந்தமையே பிரித்தானியத் தலையீட்டுக்குக் காரணம் எனக் கொண்டது. 1972இல் ஜெர்மானிய அறிஞர் ஷொல்ச் வெளியிட்ட ஆய்வு அச்சிதைவு என்பதே பெரும்பாலும் தலையீட்டாளரின் புனைவு என எடுத்துக்காட்டிற்று. பதவியிழந்த துருக்கிய உயர்குடியினர் தவிர, கைவினைஞர் சங்கங்கள், உலமாக்கள், பத்திரிகையாளர் என இயக்கத்தின் ஆதரவு பரந்திருந்ததை 1993இல் யுவான் கோலின் நூல் நிறுவியது. படைக்கலகம் என்னும் சித்திரம் இன்று ஆய்வுலகிலே பெரிதும் வலுவிழந்துவிட்டது. பத்திரிகைகளில் அது இன்னும் உயிர்வாழ்கிறது.

1882 டிசெம்பரில் ஒறாபிக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. மறு மாதம் எழுவரும் கொழும்பை அடைந்தனர். அதே டிசெம்பரிலேதான் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தமிழிலே தொடங்கினார் என்பது மனங்கொளத்தக்கது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படும் அவரது ‘அஸன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. அதன் கதாநாயகன் எகிப்தின் உயர்குடியிற் பிறந்தவன். எகிப்தை ஏன் தேர்ந்தார் என்பதற்கு, ஒறாபியும் தோழரும் கொழும்பிலே உலவிய அக்காலச் சூழல் போதிய விடையாகும். ஆயின் நாவலிலே வருவது பாஷாக்களின் உலகம். வரி கட்டும் பல்லாஹீனோ வரவுசெலவு கேட்ட சபையோ அதன் கதைப்பொருளாகவில்லை. வீரதீரக் கதை மரபும் வணிக மத்தியதர வர்க்கத்தின் இலட்சியங்களும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

பாறூதியின் நிலை வேறு. நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு முன்னோடியெனப் போற்றப்படும் அவர், ஏறத்தாழப் 17 ஆண்டுகளை இந்நாட்டிலே கழித்தார். மனைவி இறந்த செய்தி அவரை இங்கேயே வந்தடைந்தது. அவள் பொருட்டு அவர் பாடிய இரங்கற்பா புகழ்பெற்றது. பழைய அறபுக் கவிகளின் யாப்பையும் பாலைவனப் படிமங்களையும் கைவிடாமலே, தோற்றுப்போன முதலமைச்சரொருவரின் தனிமையை அவர் அவற்றினுள்ளே ஏற்றினார். கண்பார்வை குன்றிய நிலையில் நாடு திரும்பி 1904இல் காலமானார். ஒறாபி 1901இலே திரும்பினார். நாடுகடத்தப்பட்ட காலத்திலே பிரித்தானியரிடம் பணிந்து மனுச் செய்தும் அவர்தம் ஆட்சியைப் பாராட்டியும் வந்த அவரைப் புதிய தலைமுறைத் தேசியவாதிகள் வெறுப்புடன் வரவேற்றனர். அரண்மனைக் கவிஞரான அகமது ஷௌக்கி அவரை எள்ளிப் பாடினார். 1911இல் அவர் இறந்தபோது துக்கங் கொண்டாடியோர் மிகச் சிலரே.

ஒறாபியிடமிருந்து இலங்கை முஸ்லிம் சமூகம் பெற்றவை இரண்டு. ஒன்று கல்வி: சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருடன் அவர் ஊக்கமளிக்க, 1892இல் மருதானையிலே பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை தோன்றிற்று. மற்றையது துருக்கித் தொப்பி. எகிப்திலே துருக்கிய உயர்குடிக்கும் எகிப்திய அதிகாரிக்கும் பொதுவாயிருந்த அத்தொப்பி, இங்கே முஸ்லிம் வணிகரின் தனித்துவச் சின்னமாயிற்று. 1905இலே வழக்கறிஞர் அப்துல் காதர் அதனை அணிந்து உயர்நீதிமன்றத்தில் வாதிடத் தடை ஏற்பட்டபோது மருதானையிலே பெருங்கூட்டம் திரண்டது. எகிப்தியர் கேட்ட மூன்றாவதொன்று, வரிப்பணத்தின் மீது மக்கள் பிரதிநிதிகளுக்குள்ள அதிகாரம், அக்கூட்டத்திலே பேசப்பட்ட பொருளன்று. சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்கென 1889இல் வழங்கப்பட்ட இடத்துக்கு உறுப்பினரை அப்போதும் தேசாதிபதியே நியமித்து வந்தார்.